மூன்றாவது கோட்டைக்கு ஏறும் ரோடு

பால் கட்டிய மார்போடு நீங்கள் யாராவது மலை ஏறியிருக்கிறீர்களா? அதுவும் சைக்கிளில்? மாரிச்செல்வி ஏறிக்கொண்டிருந்தாள். சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு மேடு என்றால் கண்மாய்க்கரைதான். இங்கே ஜெர்மனியில் ஐஃபல் என்று ஒரு மலைக்காடு, எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கி ஓய்ந்த மலைகள், உச்சந்தலைக்கு உச்சந்தலை எவனோ ஒரு பிரபு கறுப்புக் கல்லை அடுக்கிக் கட்டிவிட்டுச் செத்துப்போன கோட்டை. அந்தக் கோட்டைகளைச் சுற்றிச் சுற்றி வருகிற ரோட்டில் வட்டார சைக்கிள் சங்கத்துக்காரர்கள் வருசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். நாலு கோட்டை, கோட்டைக்கு ஒரு முத்திரை, முடிவில் ஒரு துண்டு கேக். பந்தயம் கிடையாது, யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். பேர் கொடுத்தவன் அவள் புருசன் சோலைராஜன். ஓட்ட இருந்த அவனுக்கு முழங்கால் பிசகியதும், “எட்டு மாசமா வீட்டுக்குள்ளயே கிடக்க, நீ போயிட்டு வா பிள்ள, நான் பயலப் பாத்துக்கிறேன்” என்றான். பயலுக்கு ஆறு மாசம், பேர் துருவன், புட்டிப்பால் என்றால் வாயை இறுக்கிக்கொள்கிற ஜாதி. அதனால் ஏற்பாடு இப்படி: காலை ஏழு மணிக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு இவள் கிளம்ப வேண்டியது, நாற்பதாவது கிலோமீட்டரில் மூன்றாவது கோட்டை, அங்கே அவன் காரில் பிள்ளையோடு வந்து நிற்க வேண்டியது, பதினொன்றரைக்கு இவள் போய்ப் பால் கொடுக்க வேண்டியது. இப்போது மணி பன்னிரண்டு பத்து. ரோட்டோரம் பன்னிரண்டு சதவீத ஏற்றம் என்று போர்டு. சின்னக் கியருக்கும் வந்தாயிற்று, அதற்குக் கீழே கியர் இல்லை, மார்பு ரெண்டும் வெயிலில் கிடந்த குழவிக்கல் மாதிரி, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து. சட்டைக்குள் வைத்த பஞ்சு எப்போதோ ஊறிப்போய், வேர்வையும் பாலும் கலந்து வயிற்று மடிப்பு வரைக்கும் வழிந்து, அங்கே காய்ந்து, காய்ந்த இடம் பிசுபிசுத்து. சீ என்று இருந்தது. வெறும் சீ இல்லை, நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிற, ஓங்கரிக்கிற சீ.

ரோடு பூராவும் நத்தை. கூடு இல்லாத நத்தை, செங்கல் நிறம், விரல் தண்டி, விடிய மழை பெய்திருந்ததால் காட்டிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கின்றன, எங்கே போகின்றனவோ, அந்தப் பக்கமும் இதே காடுதானே. ஒன்றைத் தப்பவிட்டால் அடுத்தது சக்கரத்தில் ஏறியது. சத்தம்கூட வராது, ஒரு வழுக்கல் மட்டும், அப்புறம் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மினுமினுப்பைத் தரையில் ஒற்றிக்கொண்டு வரும். அவளுக்கு அது டயரில் ஒட்டவில்லை, பல்லில் ஒட்டியது. இடது கைப் பக்கம் வயல், வயலில் மாட்டுச்சாணியும் மூத்திரமும் கரைத்த குழம்பை டேங்கரில் கொண்டுவந்து பீய்ச்சியிருந்தான்கள். சாணி அவளுக்குப் புதுசா? பத்து வயசில் கூடை கூடையாய் அள்ளியவள்தான். ஆனால் அது மாட்டின் சாணி, இது ஆயிரம் மாட்டைத் தொழுவத்தில் பூட்டிவைத்துக் குழாயில் வாங்கிய சாணி, நாசிக்குள் வந்து குடித்தனம் வைக்கிற நாற்றம். இரண்டாவது கோட்டையில் ஊற்றுத் தண்ணீர் குடியுங்கள், பூமிக்குள்ளேயிருந்து தானாய்ச் சோடாவாக வருகிறது என்று ஒருத்தி டம்ளரை நீட்டினாள். குடித்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி, பின்னால் அழுகிய முட்டையின் ஏப்பம். ஊற்றைச் சுற்றிய கல்லெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய்ச் சளி பிடித்திருந்தது. அதை நினைத்துக்கொண்டே ஏறும்போது பின்னாலிருந்து ஒருத்தன் வந்தான், அறுபது வயசுக்காரன், ஒட்டின டவுசர், நரம்பு புடைத்த கெண்டைக்கால். பக்கத்தில் வந்ததும் ஒரு மூக்கை விரலால் அழுத்தி மறுமூக்கைக் காற்றில் சிந்தினான். காற்று இவள் பக்கம். முழங்கையில் ஈரமாய் ஒரு துளி. “ஹோப், ஹோப், ஹோப்!” என்று அவளை உற்சாகப்படுத்தினான். மாரிச்செல்வி முகம் நிறையச் சிரித்து, “சளிமூக்கா, ஒன் மூஞ்சியில கொள்ளியை வைக்க, முன்னால போய்ச் சிந்துடா” என்று தமிழில் சொன்னாள். அவன் நெகிழ்ந்துபோய்ப் பெருவிரலைத் தூக்கிக் காட்டி, “டாங்கே, டாங்கே!” என்று நன்றி சொன்னான். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் வந்துவிடும். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் அடித்தாலும் சிரிப்பாள், பிரசவ அறையில் சிரித்தாள், வீட்டுக்கு வந்து எடை பார்த்த மருத்துவச்சி, மனசு எப்படி இருக்கிறது, ஏதாவது பாரமாக இருக்கிறதா என்று கேட்டபோது சிரித்தாள். பாரம் என்றால் பயல்தான், ஏழரைக் கிலோ என்றாள். மருத்துவச்சியும் சிரித்துக்கொண்டே அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனாள்.

நத்தையும் சாணியும் சளியும் பெரிய விசயம் இல்லை, அருவருப்புக்கு அவையெல்லாம் ஒரு சாக்கு, அவற்றைப் பார்த்தால் ஒருவிதத்தில் ஆறுதல்கூட. ஆமாம், ஆறுதல். எதைப் பார்த்தும் குமட்டலாம், குமட்டக் கூடாத ஒன்றைப் பார்த்துக் குமட்டுகிறதுதான்... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, மிதி, கால் ரெண்டையும் மாற்றி மாற்றி மிதி. இந்த வளைவு தாண்டினால் கோட்டையின் கோபுரம் தெரியும் என்று சொன்னார்கள், தாண்டினாள், தெரிந்தது மரம். மிதி. பயலுக்குக் கழுத்தில் மூன்று மடிப்பு உண்டு. பால் கக்கினால் அந்த மடிப்புக்குள் போய்த் தங்கும். எவ்வளவு துடைத்தாலும் சாயங்காலம் விரலை விட்டால் வெள்ளையாய் ஒரு திரள், தயிர் புளித்துப் பூசணம் பிடித்த வாடை. அதுதான் என்று முதலில் நினைத்தாள். சுடுதண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மடிப்பு மடிப்பாய்த் துடைத்தாள், காய வைத்தாள், எண்ணெய் இட்டாள். வாடை போகவில்லை. கக்கல் வாடை போய்விட்டது, அதற்கடியில் இருந்த வாடை போகவில்லை. உச்சந்தலையில், புடதியில், உள்ளங்கையில், மூச்சில். வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் மூக்கை வைக்கிறார்கள். மேல்வீட்டு ஜெர்மன்காரக் கிழவி கண்ணை மூடி இழுத்துவிட்டு, ரொட்டி சுடும் வாசம் என்றாள். சோலைராஜன் வேலைவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பயலின் தலையில் முகத்தைப் புதைத்து, “யப்பா, இந்த வாசத்த பாட்டில்ல அடைச்சு விக்கலாம் பிள்ள” என்பான். இவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மூச்சை வாயால் விடுவாள். ஆறு மாசமாய்ப் பால் கொடுக்கும்போதெல்லாம் வாயால்தான் மூச்சு. ராத்திரியும் வாயால். தொண்டை வறண்டு போகிறது, தண்ணீர் குடிக்கிறாள், பால் சுரக்கிறது, நல்லதுதானே. தாய்க்குப் பிள்ளை நாறுமா? மாடுகூடக் கன்றை நக்குகிறது. ஒருவேளை இது தன் பிள்ளை இல்லையோ, ஆஸ்பத்திரியில் மாறிப்போச்சோ என்று ஒருநாள் நினைத்து, அவன் காதைத் தன் அய்யா காதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அச்சாக அதே காது. மாறவில்லை. அப்படியானால் மாறினது யார்? இந்த இடத்தில்தான் நினைப்பு எப்போதும் சிக்கும், செயின் பல்லில் ஏறாமல் கடகடக்கிற மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் போகாது. பிள்ளையை அருவருக்கிறவள் தாயா? யாரிடம் கேட்பது? கேட்டால் வாயிலிருந்து விழுந்துவிடும், விழுந்ததை அள்ள முடியாது.

கேட்கக்கூடிய ஒரே ஆள் அம்மா. அம்மாவிடம் நேற்றுப் போனில் சைக்கிள் ஓட்டத்தைச் சொன்னதும், “பச்சப்பிள்ளக்காரி சைக்கிளா ஓட்டுவா? ஏந்தாயி, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?” என்று ஆரம்பித்தாள். வெயிலில் மேலெல்லாம் காய்ந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து அப்படியே மாரைக் கொடுத்துவிடாதே, அது சூட்டுப் பால், பிள்ளைக்கு வயிற்றால் போகும். “மொதப் பால மூணு பீச்சு பீச்சி வெளிய விட்டுட்டுக் குடு. கண்ட எடத்துல விடாத தாயி. எறும்பு மொச்சா பால் வத்திரும். சுவத்துல விடு, இல்ல செடி மூட்டுல விடு.” இவள் தலையை ஆட்டினாள். சோலைராஜன் பின்னாலிருந்து, “அத்த, பால் என்ன கார் இஞ்சினா, சூடாகிறதுக்கு?” என்று கேட்டான். “ஆமா மாப்ள, நீங்க பெத்துப் பால் குடுத்தவரு, ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், இப்போது கேட்டுவிடலாம், அம்மா நான் பிறந்தபோது ஒனக்கு என் வாடை பிடிச்சதா என்று சாதாரணமாய், விளையாட்டுப் போலக் கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அதற்குள் மஞ்சள்தூள் அனுப்பினது வந்து சேர்ந்ததா என்று போய்விட்டாள். வந்து சேர்ந்தது. எல்லாம் வந்து சேர்ந்தது. சோலைராஜன் இந்த மலைகளைப் பற்றி ஒன்று சொல்வான்: அணைந்த மலை இல்லை பிள்ள, தூங்குகிற மலை, பதிமூன்றாயிரம் வருசத்துக்கு முன்னால் ஒருதரம் பொங்கியது, பொங்கின இடத்தில் கிடக்கிற ஏரியின் கரையில் இன்றைக்கும் குமிழி வருகிறது. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை, உள்ளே அத்தனையும் கொதித்துக்கொண்டிருக்க, இவன்கள் எப்படி மேலே உருளைக்கிழங்கு போட்டு, கோட்டை கட்டி, கேக் சாப்பிட்டு, சைக்கிளும் விடுகிறான்கள். பழகிவிடும் போல. தானும் பழகிவிட்டவள்தானே.

மரம் முடிந்த இடத்தில் ரோடு ரெண்டாய்ப் பிரிந்தது. இடது பக்கம் அம்புக்குறி, கோட்டை, ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர், இன்னும் ஏற்றம். வலது பக்கம் வழுவழுவென்று இறக்கம், அடிவாரத்து ஊர், ஓட்டம் முடிகிற ஊர். ஏற முடியாதவர்கள் மூன்றாவது முத்திரையை விட்டுவிட்டு வலது பக்கம் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். மாரிச்செல்வி ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றாள். ஒரு நிமிசம்தான் நின்றிருப்பாள். ஆனால் அந்த நிமிசத்துக்குள் அவள் வலது பக்கம் போய்விட்டாள். மிதிக்காமலே இறங்கிப் போனாள், வேர்வை காய்ந்தது, காற்று காதில் இரைந்தது, அடிவாரத்து ஊரில் ஒரு ரயில் நிலையம், ரயிலில் சன்னலோர சீட்டு, மடியில் ஒன்றும் இல்லை, மூக்கில் ஒரு வாடையும் இல்லை, மூக்கால் மூச்சு, நெஞ்சு நிறைய மூக்கால் மூச்சு. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் முதல்நாள் ஏழு கிலோமீட்டர் போனபோது இப்படித்தான், பின்சீட்டில் யாரும் இல்லை, முன்கூடையில் ஒரு நோட்டு. பிறகு அந்த ரயிலிலேயே பால் கசிந்தது. எதிரில் இருந்தவர்கள் சட்டையைப் பார்த்தார்கள். பயல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, சட்டை கேட்டது. சீ, என்ன பொம்பளை நான். தன்மேலேயே ஓங்கரித்தது, புளித்த எச்சிலைத் துப்பினாள், அது சக்கரத்தில் விழுந்தது. இடது பக்கம் திரும்பினாள். பாசத்தால் என்று சொன்னால் பொய். மார்பு வெடித்துவிடும் போல இருந்தது; அது எங்கேயாவது இறங்கியாக வேண்டும், இறக்கத் தெரிந்தவன் ஒருத்தன் மேலே இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. மிதித்தாள்.

கோட்டை என்றால் மொட்டைச் சுவரும் பாதிக் கோபுரமும். வாசலில் மேசை போட்டு வாழைப்பழமும் டீயும் வைத்திருந்தார்கள், சங்கத்துப் பெண் அட்டையில் முத்திரை குத்தி என்னவோ வாழ்த்தினாள், இவளும் பல்லைக் காட்டினாள். அழுகை அதற்கு முன்பே கேட்டுவிட்டது. காரின் நிழலில் சோலைராஜன் பயலைத் தோளில் போட்டு நொண்டி நொண்டி ஆட்டிக்கொண்டிருந்தான், முகம் வெளுத்திருந்தது. “எங்க பிள்ள போன இம்புட்டு நேரம்? அம்பது நிமிசமாக் கத்துறான். புட்டியத் தட்டிவிட்டுட்டான், என் சட்டையச் சப்புறான். இந்தா, இந்தா பிடி.” “இருங்க. சூட்டுப் பால். மூணு பீச்சு பீச்சிட்டு ஓடி வந்துர்றேன்.” “அடியே, இப்பப் போயி ஒங்க அம்மா...” அவள் சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை, செந்தட்டிக் காடு, கறுப்புக் கல், கல்லெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, கொதித்துக் குமிழி விட்டபோதே உறைந்த கல். யாரோ மூத்திரம் பெய்த வாடை, ஈ. சட்டை ஜிப்பை இறக்கினாள், கை தொடுவதற்கு முன்பே பால் சுவருக்குப் பாய்ந்தது. ஒன்று. கல்லின் ஓட்டைகள் குடித்தன. ரெண்டு. வலியும் சுகமுமாய்க் கண் இருட்டியது. மூன்று. போதும், அம்மா சொன்னது மூன்று. அந்தப் பக்கம் பயல் மூச்சு விடாமல் வீறிட்டு, விட்டு, மறுபடி வீறிட்டான். மூன்று சரியாய் வரவில்லை, இன்னொன்று. மற்றதிலும் மூன்று. ரொம்ப வேர்த்திருக்கிறோமே, அதற்கு இன்னும் கொஞ்சம். ஏற்றம் பன்னிரண்டு சதவீதம், அதற்கு இன்னும் கொஞ்சம். “செல்வி!” என்று சத்தம். “இந்தா முடிஞ்சிருச்சு!” என்றாள், என்றுவிட்டுப் பீய்ச்சினாள். அடிச்சுவரில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, இந்தக் காட்டு எறும்பு, கட்டெறும்பு தண்டி, பால் வழிந்த தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து தலையை வைத்தது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே பீய்ச்சினாள். மார்பு தொளதொளவென்று இறங்கி, கடைசியில் சொட்டாகி, சொட்டும் நின்று, விரல் வலித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இது சூட்டுப் பால் இல்லை. சூடு மூன்றோடு போயிற்று. மிச்சமெல்லாம், அந்தச் சுவருக்கு அப்பால் போகாமல் இருப்பதற்குச் செலவழித்த பால். பசித்த பிள்ளை கதறக் கதற நின்று கல்லுக்கு ஊற்றியிருக்கிறாள்.

ஜிப்பைப் போட்டுக்கொண்டு வந்து, கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, பயலை வாங்கினாள். வாயால் மூச்சு விட்டாள். பயல் ஆவேசமாய்ப் பற்றி ரெண்டு இழுப்பு இழுத்தான், விட்டான், அவளை அண்ணாந்து பார்த்தான், மறுபடி பற்றினான், முகம் சிவந்து தலையைப் பின்னால் எறிந்து கத்தினான். மற்றதைக் கொடுத்தாள். அதிலும் அதே.

“என்ன பிள்ள?”

“பால் இல்லங்க.”

“கட்டிப்போச்சு, செத்தேன்னு ரெண்டாவது கோட்டையில இருந்து போன்ல சொன்ன?”

“சுவத்துல விட்டுட்டேன்.”

“எம்புட்ட?”

“எல்லாத்தையும்.”

சோலைராஜன் “ஒங்க அம்மா மூணு பீச்சுன்னா நீ கோட்டையவே குளிப்பாட்டிட்டு வந்துருக்க” என்று சிரித்தான். அவளுக்கும் வாய் சிரிப்புக்குப் போயிற்று. பழக்கம். பாதி வழியில் அது நின்றுவிட்டது, இத்தனை வருசத்தில் முதல்தடவையாய். அவன் மேசையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து வந்து விரலால் மசித்து, பயல் வாயில் தடவினான். பயல் விம்மிக்கொண்டே சப்பினான். “இத வச்சு அரைமணி ஓட்டலாம். அதுக்குள்ள ஊறிரும், டீயக் குடி.”

“எனக்கு இவன் வாடை ஆகலங்க.”

“கக்கினானா? அது எனக்குந்தான்...”

“கக்கின வாடை இல்ல. இவன் வாடை.”

அவன் விரல் பயலின் வாயிலேயே நின்றது.

“எப்ப இருந்து?”

“பொறந்த மூணாம் நாள்ல இருந்து.”

“ஏன் பிள்ள சொல்லல?”

“சொன்னா என்னைய ஒரு பார்வை பாப்பீங்கல்ல. இந்தா, இப்பப் பாக்குறீங்கல்ல, இப்படி.”

அவன் பார்வையை இறக்கிக்கொண்டான். வாழைப்பழக் கையைத் தன் டவுசரில் துடைத்தான், மறுபடி துடைத்தான். பயல் பழத்தைத் துப்பினான், மஞ்சளாய் அது அவள் மணிக்கட்டில் வழிந்தது. குமட்டியது, அவள் அதை மறைக்கவில்லை. ஓங்கரித்தாள், வாய்விட்டு, அவன் பார்க்கவே. பிறகு பயலைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள்.

“செத்த நேரம் இவன வச்சுக்கோங்க. நான் அழுது முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்.”